ஏழு அங்குலத்தில் ஒரு ‘வேணாம்’

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் போட்ட ஒரு கையெழுத்தில் பிறந்தது. போட்டிருக்கக் கூடாத கையெழுத்து.

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் பானுப்ரியாவின் செல்போன் ரிப்பேர் கடை இருக்கிறது. கண்ணாடி உடைந்த என் போனைக் கொடுத்துவிட்டு அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். என் மாடலுக்கு டிஸ்ப்ளே கையில் இல்லை, அடுத்த தெருவில் எடுத்து வருகிறேன் என்று பானு போய்விட்டாள். கடைக்குள் சுவரோரம் ஒரு நாற்காலியில் நாற்பத்தாறு வயதுப் பெண் ஒருவர் இருந்தார். பெயர் கௌரி. பானுவின் கணவன் ஹேமநாதனுக்கு அக்கா. எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்ததில் வலது கை மடியில் அசையாமல் கிடந்தது. இடது கையில் ஒரு ஊன்றுகோல்.

அப்போது ஒருவர் வந்தார். கௌரியின் இறந்துபோன கணவருடைய தம்பி, ஆர்.கே.பேட்டை பூபாலன். கையில் பத்திரம். குனிந்து, மரியாதையாகத்தான் கேட்டார்.

“அண்ணி, ஷெட்டையும் ரெண்டு தறியையும் என் பேருக்கு எழுதிக் குடுக்கறீங்களா? நான் பாத்துக்கறேன்.”

“ஆங்” என்றார் கௌரி. தலையும் ஆடியது.

“சம்மதந்தானே?”

“ஆங்.”

பூபாலன் என் பக்கம் திரும்பினார். “பாத்தீங்கல்ல சார்? ஒரு சாட்சிக் கையெழுத்து.”

பார்த்தேன், கேட்டேன், போட்டேன். பக்கத்து ஜூஸ் கடை குமரேசனும் போட்டார். கௌரியின் இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றினார்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

பானு திரும்பி வந்தபோது அவள் கண்ணில் முதலில் பட்டது அந்த நீல விரல்தான்.

“இன்னா சார் பண்ணீங்க?”

“அவங்க சரின்னு சொன்னாங்கம்மா.”

“எங்க வதினா ஆங்குன்னா அது ஆங் இல்ல சார். அது வெறும் சத்தம்.”

(வதினா என்றால் கணவனின் அக்கா. அவர்கள் வீட்டில் பாதிப் பேச்சு தெலுங்கு.)

அதற்குப் பிறகுதான் எனக்கு விளக்கினாள். பக்கவாதம் கௌரியின் பேச்சை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. கேட்பதெல்லாம் புரிகிறது. நினைப்பதெல்லாம் தெளிவாக இருக்கிறது. எழுதத்தான் வரவில்லை. வாயைத் திறந்தால் மட்டும், தண்ணீர் வேண்டும் என்றாலும் ஆங், தலை வலிக்கிறது என்றாலும் ஆங், கிட்டே வராதே என்றாலும் ஆங். சொல்லோடு சேர்ந்து தலையும் தானாக ஆடிவிடுகிறது. நம் பக்கத்து ஊர்களில் ‘ஆமாம்’ என்பதற்கே ஆங் என்பதுதான் வழக்கம். வேறு ஏதாவது சொல் மிஞ்சியிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

பத்திரப் பதிவுக்குப் பதினோரு நாள் இருந்தது.

2

இந்தக் கதைக்கு இதற்கு முன் மூன்று தொடக்கங்கள் எழுதினேன். அடித்துவிட்டேன். என்றாலும் கிழித்துப் போட மனம் வரவில்லை.

[மலைமேல் மணியடித்தது. காவடிகள் படியேறிக்கொண்டிருந்தன. கீழே, ஊரின் ஒரு சந்தில்…]

பானுவின் கடையிலிருந்து மலை தெரியாது. எதிரே ஒரு தண்ணீர்த் தொட்டியின் முதுகுதான் தெரியும்.

[மொழி என்பது என்ன? ஒரே ஒரு சொல் மிஞ்சிய மனிதருக்கு உலகம் எப்படி…]

இதை எழுதிவிட்டு நானே கொட்டாவி விட்டேன்.

[தொடுதிரைகள் இரண்டு வகைப்படும்.]

இது பரவாயில்லை. இந்தக் கதை உண்மையில் இதைப் பற்றியதுதான். சிறிய கம்ப்யூட்டர் போர்டு ஒன்றுக்குப் பொருத்தமான திரை எது என்று ஒரு பெண் பதினோரு நாள் கெடுவுக்குள் தேடியதுதான் கதை. ஆனால் அப்படித் தொடங்கினால் நீங்கள் இரண்டாவது வரியோடு எழுந்து போய்விடுவீர்கள் என்று பயந்தேன். அதனால்தான் கையெழுத்திலிருந்து தொடங்கினேன். என் வெட்கத்தை முதலில் வைத்தால் கொஞ்ச நேரம் உட்காருவீர்கள் என்று ஒரு கணக்கு.

(இன்னொன்று. பானுவை ‘அவள்’ என்றும் கௌரியை ‘அவர்’ என்றும் எழுதுகிறேன். பானுவிடம் கேட்டேன். “என்ன அவள்னே எழுதுங்க சார். வதினாவ மட்டும் அப்படி எழுதிடாதீங்க, என்னதான் திட்டுவாங்க” என்றாள்.)

3

“நான் பதிவு ஆபீசுக்கு வந்து சொல்லிடறேன்மா. தெரியாம கையெழுத்துப் போட்டுட்டேன்னு” என்றேன்.

“நீங்க சொன்னா, சாட்சி பேச்ச மாத்திட்டாருன்னு ஆவும். எங்க வீட்டுக்காரர் சொன்னா, அக்கா ஷெட்டு மேல தம்பிக்கு ஆசைன்னு ஆவும். நான் சொன்னா கேக்கவே வாணாம். அவங்களே சொல்லணும் சார்.”

“எப்படிச் சொல்வாங்க?”

மேசை இழுப்பறையைத் திறந்து பச்சை நிறத்தில் ஒரு போர்டை எடுத்து வைத்தாள். சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். கல்லூரி மாணவர்கள் யாரோ ப்ராஜெக்டுக்கு வாங்கி, ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு, திரும்பி வராமலே போனது. முழுக் கம்ப்யூட்டர் அது. திரையும் ஸ்பீக்கரும் சேர்த்தால் போதும். திரையில் பொத்தான் பொத்தானாகச் சொற்கள். தொட்டால் பெட்டி பேசும்.

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள் அவள். அந்தப் படிப்புதான் வீட்டில் சண்டைக்கும் காரணம். கல்யாணமான மறு வருடம் கடை திறந்தபோது, “பொம்பள ரோட்ல உக்காந்து செல்லு நோண்டணுமா?” என்று கேட்டவர் இதே கௌரி. பானுவும் பதிலுக்கு ஏதோ கேட்டிருக்கிறாள். இரண்டு வருடம் இருவருக்கும் பேச்சு இல்லை. பேச்சு போன பிறகுதான் கௌரி இவர்கள் வீட்டுக்கு வந்தார். பகலில் வீட்டில் ஆள் இல்லாததால், எந்தக் கடை வேண்டாம் என்றாரோ அதே கடையில் நாற்காலி போட்டு உட்கார வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் எழுதுகிறவனாக எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தன்னை அவமானப்படுத்தியவருக்காக ஒருத்தி இவ்வளவு மெனக்கெடுவாளா? வாசகர்கள் நம்புவார்களா? இன்னொரு காரணம் கண்டுபிடித்துச் செருகலாமா என்றுகூட யோசித்தேன். [பானுவுக்குச் சிறு வயதில் அம்மா இல்லை. அதனால்…] பொய். அவளுடைய அம்மா கனகம்மாசத்திரத்தில் திடமாக இருக்கிறார்.

அவளிடமே கேட்டேன். சால்டரிங் முனையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“எனக்கு அவங்களோட பாக்கி சண்ட இருக்குது சார். நான் இன்னா சொன்னாலும் ஆங் ஆங்னு தலையாட்டிகினு உக்காந்திருந்தா யாரோட போடறது?”

4

பழைய போன் ஒன்றே போதுமே என்று உங்களுக்குத் தோன்றும். கடை நிறையப் போன்கள். எனக்கும் தோன்றியது. பானு அதை எப்போதோ முயன்று பார்த்துவிட்டாள்.

கௌரியின் ஆட்காட்டி விரலைப் போன் கண்டுகொள்ளவில்லை. இருபத்தைந்து வருடம் நூலை முடிந்து முடிந்து அந்த விரல்நுனி காய்த்து, காய்ந்துபோயிருந்தது. போன் கண்ணாடி, விரலில் உள்ள ஈரத்தையும் மெல்லிய மின்சாரத்தையும் உணர்ந்து வேலை செய்வது. கட்டைபோல ஆன தோலை அது விரல் என்றே எடுத்துக்கொள்ளாது. ஆனால் உள்ளங்கை மெத்தென்று இருக்கும் அல்லவா? கை தளர்ந்து கண்ணாடி மேல் பட்டால் அதை உடனே உணர்ந்துவிடும். விரல் ஒரு சொல்லைத் தேடிப் போகும்போது உள்ளங்கை வேறொரு சொல்லை அழுத்திவிடும்.

முதல் திரை மூன்றரை அங்குலம். போர்டின் முட்களிலேயே சொருகிக்கொள்ளும் சின்னத் திரை. அழுத்தினால் வேலை செய்யும் வகை, கடையிலேயே கிடந்தது. அதில் எட்டுப் பொத்தான் வைத்தாள். ஒன்றை அழுத்தினால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து பேசியது. கௌரி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

இரண்டாவது ஏழு அங்குலம். கண்ணாடித் திரை. ஆன்லைனில் வரவழைத்தது. பார்க்க அவ்வளவு அழகு. எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஹேமநாதன் அரக்கோணத்தில் லேத் பட்டறை வேலை முடிந்து வந்தவன், “டிவி மாதிரி கீது” என்று அதிலேயே கண்ணை வைத்துக்கொண்டு நின்றான். மேல் வரிசையில் ‘வேணாம்’. கீழ் வரிசையில் ‘சரி’.

“வதினா, உங்களுக்கு இந்தத் திரை ஓகேவா?” என்று பானு கேட்டாள்.

கௌரியின் விரல் மேல் வரிசைக்குப் போயிற்று. உள்ளங்கை கீழ் வரிசையில் உட்கார்ந்தது.

“சரி” என்றது பெட்டி. கௌரி மறுபடி முயன்றார். “சரி, சரி, சரி.”

வாயாலும் ஆங், கையாலும் சரி. கௌரி ஊன்றுகோலை எடுத்துத் தரையில் ஓங்கித் தட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“விடு பானு, ஷெட்டைக் குடுத்துட்டா எல்லாருக்கும் நிம்மதி” என்றான் ஹேமநாதன்.

“யாருக்கு பாவா நிம்மதி? அவங்க சொல்லட்டும், நிம்மதின்னு. நான் இந்தப் போர்ட உள்ள வச்சிட்டுப் போயிடறேன்.” (பாவா என்று அவள் கூப்பிடுவது கணவனை.)

அன்றைக்கு ஆறு நாள் முடிந்திருந்தது.

5

[மறுநாள் பானு சென்னைக்குப் போய்ச் சரியான திரையை வாங்கி வந்தாள்.]

என் முதல் பிரதியில் இந்தப் பகுதி இந்த ஒரு வரிதான். பானு படித்துவிட்டு, “நான் மட்டுமா போனேன்?” என்று கேட்டாள். சரிதான். அவள் கௌரியையும் அழைத்துக்கொண்டு போனாள். “செருப்பு வாங்கக் கால கூட்டிகினு போவ மாட்டமா சார்?” என்றாள். பை தூக்குவதற்கு நான்.

காலை லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கௌரியை உட்காரவைத்தோம். சென்ட்ரலில் இறங்கி ஆட்டோவில், எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நெருக்கியடிக்கும் ரிச்சி தெரு. கூட்டத்தில் ஊன்றுகோலோடு அவரை நடத்திக் கூட்டிப்போவதற்குள் பானுவின் சுடிதார் முதுகு முழுக்க நனைந்துவிட்டது. ஒவ்வொரு கடையிலும் பானு பையிலிருந்து போர்டையும் பவர் பேங்கையும் எடுத்து, “அண்ணா, எங்க போர்ட்ல மாட்டி, இவங்க கையால அழுத்திப் பாத்துட்டுத்தான் வாங்குவோம்” என்பாள். முதல் கடையில் சிரித்தார்கள். இரண்டாவது கடையில் பிறகு வாருங்கள் என்றார்கள். மூன்றாவது கடைக்காரர் பெயர் சேட்டு. அவர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

“இத பாருங்க மேடம். எந்தப் பக்கம் சாய்ச்சாலும் கலர் மாறாது. டச்சு அப்படியே வழுக்கிகினு போவும்.”

“வழுக்க வாணாம்ணா. அழுத்தணும்.”

“அழுத்தற டச்சா? அது பழசும்மா. பில் போடற மிஷினுக்குத்தான் இப்ப வாங்கறாங்க.” பிறகு கௌரியிடமே கேட்டார். “ஏம்மா, இந்தக் கண்ணாடி டச்சு நல்லாருக்குல்ல?”

“ஆங்.”

“இதையே போட்டுறலாமா?”

“ஆங்.”

அவர் பில் புத்தகத்தைத் திறந்துவிட்டார். பானு அந்தப் புத்தகத்தின் மேல் கையை வைத்தாள். “அண்ணா, அவங்க வாய் அப்படித்தான் சொல்லும். அதுக்காகத்தான் ஊர்லேர்ந்து வந்திருக்கறோம்.”

சேட்டு ஒரு நிமிடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். புத்தகத்தை மூடினார். ஏணி போட்டுப் பரணிலிருந்து தூசி படிந்த அட்டைப்பெட்டி ஒன்றை இறக்கினார். ஏழு அங்குலம், அழுத்தும் வகை. மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள்போல ஒரு படலம். வெளிச்சம் கம்மி. ஓரத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுத்தது. இதுவரை பார்த்ததில் மிகவும் சுமாரான திரை.

பானு அதைப் போர்டில் இணைத்துத் திரையில் நாலு கட்டங்களைக் கொண்டுவந்தாள். விரலால் அழுத்த வராமல் கௌரி கையை மடக்கி, ஆட்காட்டி விரலின் முட்டியால் மேல் இடது கட்டத்தை அழுத்தினார். பச்சையாக மாறியது. உள்ளங்கையின் ஓரம் திரையில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. மெல்லப் பட்டதைத் திரை பொருட்படுத்தவில்லை. அடுத்த கட்டம். பச்சை. அடுத்தது. திரும்பவும் முதலிலிருந்து. நான் எண்ணினேன், பதினொரு தடவை அழுத்திப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் “ஆங்” என்றார்.

“இப்பதான் சார் அது ஆங் மாதிரியே கேக்குது” என்றாள் பானு.

சேட்டு அந்தப் பெட்டியோடு ஒரு நல்ல கேபிளையும் சேர்த்து வைத்தார். “பழைய ஒயர போட்டா கரண்ட் பத்தாது, மின்னல் குறி காட்டும்” என்றார்.

6

திரை கிடைத்துவிட்டது. இனிக் குரல் வேண்டும்.

இதுவரை பெட்டி பேசியது கம்ப்யூட்டரே படிக்கும் தமிழ். ரயில் அறிவிப்புபோல இருந்தது. கௌரி உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் பானுவே பேசிப் பதிவு செய்தாள். ஒரு பக்கத்துக்குப் பதினாறு சொற்கள். ஆமா. இல்ல. தண்ணி. வலிக்குது. ஃபேன் போடு. யார் வந்தது? நான். நீ. தறி. வீட்டுக்கு.

எந்தச் சொல் வேண்டும் என்று படம் வரைந்து காட்டி, சைகை செய்து, ஒவ்வொன்றாகக் கேட்டுச் சேர்த்தார்கள். கௌரி சாம்பார் கிண்ணத்தைக் காட்டி, மூக்கைச் சுளித்து, கையை உதறிக் காட்டினார். பானுவுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் மைக்கில், “இதெல்லாம் ஒரு சாம்பாரா?” என்று பதிவு செய்தாள். அன்று சாயந்திரமே தன் சமையலைத் தன் குரலே திட்டுவதைக் கேட்டாள்.

ஆனால் ‘வேணாம்’ மட்டும் சரியாக வரவில்லை. கடையில் நான் இருந்தபோதுதான் அதைப் பதிவு செய்தாள்.

“வேணாம்” என்றாள் பானு மைக்கில். போட்டுக் காட்டினாள். கௌரி மேசையை ஒரு தட்டுத் தட்டினார். சரியில்லை என்று பொருள்.

“வேணாம்.” தட்டு. “வேணாங்க.” பலமான தட்டு. “வேணாமே.” கௌரி கண்ணை மூடிக்கொண்டார். பானு மென்மையாகச் சொன்னாள், நீட்டிச் சொன்னாள், குரலை உயர்த்திச் சொன்னாள். பதிமூன்று தடவை தட்டு விழுந்தது. வாசலில் ஒரு வாடிக்கையாளர் காத்திருந்தார். வியர்வை வழிந்தது. பானுவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“இன்னா வதினா வேணும் உங்களுக்கு? அன்னிக்கு கடைய மூடுன்னு சொன்னீங்களே, அன்னிக்கு உங்க மூஞ்சிக்கு நேரா சொன்னேனே, அந்த மாதிரி வேணுமா? வேணாம்!”

கௌரியின் கை தட்டவில்லை. இடது கையை நீட்டி பானுவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“ஆங்” என்றார்.

பதிவு ஓடிக்கொண்டேதான் இருந்தது. பானு முன்பின் பேச்சை வெட்டிவிட்டு அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்து வைத்தாள்.

பெயர்ப்பலகை வெட்டுகிறவரிடம் கொடுத்து அக்ரிலிக் தகடு ஒன்றில் பதினாறு ஓட்டை போட்டு வாங்கி, திரைமேல் பொருத்தினாள். கை எங்கே சாய்ந்தாலும் தகட்டில்தான் சாயும். முட்டி மட்டும் ஓட்டைக்குள் இறங்கும். வெயிலில் தெரிவதற்காகக் கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. கௌரி அழுத்தினால் எடுக்க நேரமாகும் என்பதால், அழுத்தும்போது பேசாமல் கையை எடுக்கும்போது பேசும்படி மாற்றினாள். பத்தாவது நாள் அது.

7

பூபாலனை முதலில் எழுதியபோது அவர் விரலில் மூன்று மோதிரம் போட்டிருந்தேன். பல் குத்திக்கொண்டே வருவதாகவும் எழுதியிருந்தேன். [அவர் கண்ணில் ஒரு கள்ளத்தனம்…]

பானு அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். “அவரு அப்படி இல்ல சார். வதினாவ ஆஸ்பத்திரில சேத்தது அவருதான். நாலு நாள் கூடவே உக்காந்துகினு இருந்தாரு. எட்டு மாசமா அவங்க தறியவும் சேத்து ஓட்டிகினு இருக்கறாரு.”

“அப்புறம் ஏன்மா இப்படி?”

“உழைச்சவருக்கு நம்மளதுன்னு தோணும்ல? கேக்கறதுல தப்பில்ல சார். பதில் சொல்ல முடியாதவங்கள கேட்டு, பதில் வந்துச்சுன்னு எடுத்துகினு போறதுதான் தப்பு.”

மோதிரங்களைக் கழற்றிவிட்டேன். சட்டைப்பையில் ஒரு பேனாவும் முழங்கையில் பஞ்சுத்தூசியும் மட்டும் மிச்சம். அவர் மோசமானவர் என்று எழுதியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கையெழுத்துப் போட்டவனையும் ஏமாற்றினார் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் என்னை ஏமாற்றவில்லை. அந்த ‘ஆங்’கை அவரும் உண்மையாகவே நம்ப விரும்பினார்.

8

சார்பதிவாளர் இளம் வயதுப் பெண். தான செட்டில்மென்ட் பத்திரத்தைப் படித்துவிட்டுக் கௌரியைப் பார்த்துக் கேட்டார்.

“ஷெட்டையும் தறியையும் இவருக்கு எழுதிக் குடுத்திருக்கீங்க. நீங்களா, விருப்பப்பட்டுக் குடுத்ததா?”

“ஆங்.” தலையும் ஆடியது. பூபாலன் மூச்சு விட்டார்.

“மேடம், ஒரு நிமிஷம்” என்று பானு பெட்டியை மேசைமேல் வைத்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டையும் காட்டினாள். “அவங்களுக்கு வாயில வர்ற ஒரே வார்த்த அது. இதுல கேளுங்க.”

பூபாலன் எழுந்துவிட்டார். “மேடம், நான் ஒண்ணு சொல்லிடறேன். அந்தப் பொட்டில பேசறது இந்தப் பொண்ணோட குரல். இவங்க பேசி வச்சத அண்ணி பேசறதா காட்டறாங்க.”

அவர் சொன்னது உண்மை. இத்தனை நாளில் இது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

“உங்க குரலா?” என்று சார்பதிவாளர் கேட்டார்.

“ஆமா மேடம்” என்றாள் பானு. தடுமாறவில்லை. “குரல் என்னோடது. அழுத்தறது அவங்க. என்ன வெளிய அனுப்பிட்டுக் கேளுங்க. எங்க எல்லாரையும் அனுப்பிடுங்க.”

அவர் அப்படியே செய்தார். உதவியாளரையும் கௌரியையும் தவிர எல்லோரும் வெளியே போனோம். கதவைச் சாத்தினார்கள். தாழ்வாரத்தில் ஒரு பக்கம் பானுவும் ஹேமநாதனும் நானும். எதிர்ப்பக்கம் பூபாலனும் குமரேசனும்.

உள்ளே கேட்கப்படும் கேள்விகள் எங்கள் காதில் விழவில்லை. பெட்டியின் பதில்கள் மட்டும் விழுந்தன.

“இல்ல.”

கொஞ்ச நேரம் கழித்து, “இல்ல.”

“ஆமா.”

“இல்ல.”

(சார்பதிவாளர் பிறகு சொன்னார். உங்கள் பெயர் சரோஜாவா, இன்று ஞாயிற்றுக்கிழமையா, பூபாலன் உங்கள் கணவரின் தம்பியா, நான் ஆணா என்று கேட்டாராம்.)

பிறகு நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பானு சுவரில் சாய்ந்து நின்றாள். பவர் பேங்க் தீர்ந்துவிட்டதா என்று நினைத்தேன். அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள், கை கதவுப் பக்கம் போய்ப் பாதியில் நின்றது.

“வேணாம்!”

சாத்திய கதவைத் தாண்டி வந்தது அந்தக் கோபம். பதினான்காவது தடவையாகச் சொன்னாளே, அது.

“வேணாம்!”

பானு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. தாழ்வாரத்தில் நின்ற யாரோ, “உள்ள யாரு இவ்ளோ கோவமா?” என்று கேட்டார்கள். “எங்க அக்கா” என்றான் ஹேமநாதன்.

எழுதிக் கொடுத்தவரே மறுப்பதால் பதிவு செய்ய முடியாது என்று எழுதி, பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பூபாலன் தாழ்வாரத்தில் கௌரியின் முன்னால் வந்து நின்றார்.

“அண்ணி, எட்டு மாசம் நான் ஓட்டினேன். சரி, வேணாம்னுட்டீங்க. அப்ப அந்தத் தறிய யாரு பாப்பாங்க?”

கௌரி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தேடினார். நேரமாயிற்று. பூபாலன் காத்திருந்தார். அவர் அப்படிக் காத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

“நான்” என்றது பெட்டி. பிறகு, “தறி.” பிறகு மறுபடியும், “நான்.”

பூபாலன் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். மூன்றாம் நாள் ஷெட்டுச் சாவியை பானுவின் கடையில் கொண்டுவந்து வைத்தார். எண்ணெய் போட வேண்டிய இடங்களை ஒரு தாளில் எழுதியிருந்தார்.

9

இப்போது கௌரி வாரத்தில் மூன்று நாள் டவுன் பஸ்ஸில் ஆர்.கே.பேட்டைக்குப் போய் வருகிறார். தறியை அவரால் ஓட்ட முடியாது. சம்பளத்துக்கு ஓர் ஆள் ஓட்டுகிறார். கௌரி பக்கத்தில் உட்கார்ந்து, நூல் அறுந்த இடத்தை ஊன்றுகோலால் காட்டுகிறார். தறிச் சத்தத்தில் பெட்டி பேசுவது கேட்பதில்லை என்பதால் பானு அதில் பெரிய ஸ்பீக்கர் வைத்துக் கொடுத்திருக்கிறாள். பூபாலன் அடுத்த ஷெட்டில் தன் தறிகளை ஓட்டுகிறார். பகையும் இல்லை, உறவும் முழுசாக ஒட்டவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் இதைக் கதையாக முடிக்க எனக்கு வரவில்லை. இரண்டு முடிவுகள் எழுதிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன்.

[முதல் முடிவு: ஒருநாள் காலை, பெட்டி சார்ஜில் இருக்கும்போது, பானு கொடுத்த காபியைக் கௌரி தள்ளிவைத்தார். அவருடைய சொந்த வாயிலிருந்து, சொந்தக் குரலில், அந்தச் சொல் வந்தது…]

[இரண்டாம் முடிவு: ஆடிக் கிருத்திகையன்று பூபாலன் பூவும் பழமும் எடுத்துக்கொண்டு வந்தார். எல்லோரும் ஒன்றாக மலையேறினார்கள். இறங்கும்போது கௌரியின் ஒரு பக்கம் பானுவும் மறுபக்கம் பூபாலனும்…]

படித்து முடித்தேன். “வதினாவயே கேளுங்க, எது வேணும்னு” என்றாள் பானு.

கௌரி பெட்டியைப் பார்த்தார். எடுக்கவில்லை. இடது கையை நீட்டி என் பேனாவை வாங்கினார். தாளை மடியில் வைத்துக்கொண்டு முதல் முடிவின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கோணலான கோடு, ஆனால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போயிற்று. இரண்டாவதன் குறுக்கே இன்னொன்று. அழுத்தத்தில் தாள் ஓரிடத்தில் கிழிந்தது. மேலே அடைப்புக்குறிக்குள் நீங்கள் படித்த இரண்டு முடிவுகளும் அந்தக் கோடுகளுக்கு அடியில் தெரிந்த எழுத்துதான்.

“அப்ப எப்படிம்மா முடிக்கிறது?” என்று கேட்டேன்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் பெட்டியை எடுத்தார். இரண்டு பக்கம் தள்ளித் தேடி ஓர் இடத்தில் முட்டியை இறக்கினார்.

“இரு, வரேன்.”

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மெல்ல எழுந்து உள்ளே போனார். பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. “உக்காருங்க சார், வருவாங்க” என்றாள் பானு.

உட்கார்ந்திருக்கிறேன். நீங்களும் உட்காரலாம். நேரமில்லாதவர்கள் இதற்குக் கீழே இடம் இருக்கிறது, தோன்றுவதை எழுதி முடித்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும். எழுதியதை அவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் போங்கள்.